அடுப்பு மூட்டாத டிபன்: சியா புட்டிங்கும் அதோட கணக்கும்

சியா புட்டிங் பத்திக் கேக்கறவங்க ரெண்டு வகை. ஒரு வகை, இன்ஸ்டாகிராம்ல கண்ணாடி பாட்டிலுக்குள்ள மாம்பழமும் பாலும் அடுக்கடுக்கா நிக்கறதைப் பார்த்துட்டு, "அதெப்படிங்க பண்றது?"ன்னு கேக்கறவங்க. இன்னொரு வகை, வாட்ஸ்அப்ல வந்த பார்வர்டைப் படிச்சுட்டு, "இதைச் சாப்பிட்டா தொப்பை கரைஞ்சுடுமாமே?"ன்னு கேக்கறவங்க. முதல் கேள்விக்கு ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்லிடலாம். ரெண்டாவதுக்குத்தான் உக்காந்து பேசணும். அதனால பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கிட்டு வாங்க.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். சியா நல்ல விதை. அதுல உருப்படியான சரக்கு நார்ச்சத்து. மத்த சத்தெல்லாம் மேல் வரும்படி. அந்த நார்ச்சத்து நம்ம உடம்புக்குப் பிரயோஜனப்படுமா இல்லையாங்கறது, புட்டிங்குக்குள்ள நாம எதைக் கொட்டறோம், எதை நிறுத்திட்டு இதைச் சாப்பிடறோம்ங்கறதைப் பொறுத்தது. இதைத் தள்ளிட்டு விதையை மட்டும் புகழ்ந்தா அது விளம்பரம்.

கடையில பார்த்து வாங்குங்க

எங்க ஈரோட்டுப் பக்கம் சில மளிகைக் கடையில "சியா குடுங்க"ன்னு கேட்டா இன்னமும் சப்ஜா பொட்டலத்தைத்தான் எடுத்து நீட்டறாங்க. அவங்களைக் குத்தம் சொல்றதுக்கில்லை. ரெண்டு செடியும் துளசிக் குடும்பம்தான். ரெண்டு விதையும் தண்ணியில போட்டா ஊதி வழவழன்னு ஆகும். ஆனா வேற வேற செடி. சப்ஜாங்கறது நம்ம திருநீற்றுப் பச்சிலையோட விதை. பலூடாவுலயும் நன்னாரி சர்பத்துலயும் மிதக்கறது அதுதான். சியாவுக்குப் பூர்வீகம் மெக்சிகோவும் குவாத்தமாலாவும்.

உள்ளங்கையில ஒரு சிட்டிகை போட்டு வெளிச்சத்துல பாருங்க. சப்ஜா மொத்தமும் கன்னங்கரேல்னு, பளபளப்பே இல்லாம இருக்கும். சியாவுல ஒவ்வொண்ணும் ஒரு நிறம்: சாம்பல், பழுப்பு, கறுப்பு, நடுநடுவுல வெள்ளை. உத்துப் பார்த்தா தோல் மேல மெல்லிசா நெளிநெளியாக் கோடு ஓடும். விரல்ல உருட்டினா வழுக்கிட்டுப் போகும்.

அப்பவும் சந்தேகம்னா ரெண்டு டம்ளர் தண்ணி எடுத்து ஒவ்வொண்ணுலயும் ஒரு ஸ்பூன் போட்டுப் பாருங்க. சப்ஜா சில நிமிஷத்துலயே பொங்கிடும். நடுவுல கறுப்புப் புள்ளி, சுத்தி வெளிறின உறை, அவ்வளவுதான். சியாவுக்கு அவசரம் கிடையாது. நிதானமா ஆரம்பிச்சு, தன் எடையைப் போல 10 மடங்கு வரைக்கும் தண்ணியை இழுத்து வெச்சுக்கும். ஒரு விதையிலேருந்து வர்ற பசை பக்கத்து விதையோட பசையில கோத்துக்கிட்டு, சுத்தியிருக்கற பால் முழுசையும் கெட்டியாக்கிடும். ஜெலட்டின், கார்ன்ப்ளவர் எதுவும் இல்லாம, அடுப்பும் இல்லாம புட்டிங் உறையறது இதனாலதான். சப்ஜா ஒவ்வொண்ணும் தனித்தனியா நிக்கும். சர்பத்துக்கு அதுதான் அழகு, புட்டிங்குக்கு அந்தக் குழைவு பத்தாது.

அஸ்டெக் வரிக்கணக்குல இருந்து மைசூரு வரைக்கும்

இது ஏதோ நேத்து வந்த பேஷன்னு நினைக்கறவங்களுக்காக இந்தப் பகுதி. 16-ஆம் நூற்றாண்டுல ஸ்பெயின்காரங்க மெக்சிகோவைப் பிடிச்சதுக்கு அப்புறம் அஸ்டெக் ராஜாங்கத்தோட விவரங்களைப் படம் போட்டு ஒரு சுவடி தயாரிச்சாங்க. கோடெக்ஸ் மெண்டோசான்னு பேரு, இப்போ ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்துல இருக்கு. எந்தெந்த ஊர் தலைநகருக்கு என்னென்ன வரி கட்டணும்ங்கற பட்டியல் அதுல உண்டு. மக்காச்சோளம், பீன்ஸோட சியாவும் அந்தக் கணக்குல வருது. அரசாங்கமே வரியா வாங்கிக் குவிச்ச தானியம்னா அது சாமானியப் பட்டதா இருந்திருக்காது. வறுத்து மாவாக்கினாங்க, தண்ணியில ஊறவெச்சுக் குடிச்சாங்க, எண்ணெயும் எடுத்தாங்க. இன்னைக்கும் மெக்சிகோவுல எலுமிச்சைச் சாறு பிழிஞ்ச தண்ணியில சியா போட்டுக் குடிக்கற வழக்கம் இருக்கு. நாம சர்பத்துல சப்ஜா போடற அதே யோசனை, கடலுக்கு அந்தப் பக்கம்.

அந்த எண்ணெய் சமாசாரத்தைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னால தேவைப்படும். மெக்சிகோவுல ஒலினாலாங்கற ஊர்ல மரப்பெட்டிகளுக்கு அரக்குப் பூச்சு வேலை பண்றவங்க சியா எண்ணெயைப் பயன்படுத்தறாங்க. காத்து பட்டா காய்ஞ்சு இறுகிப் பளபளன்னு படலமா நிக்கற எண்ணெய் அது. ஓவியம் வரையறவங்க பயன்படுத்தற ஆளி விதை எண்ணெயும் இதே குணம்தான்.

ஸ்பெயின் ஆட்சியில சியா சாகுபடி ரொம்பவே சுருங்கிப்போச்சு. அதுக்கப்புறம் அமெரிக்காக்காரங்களுக்கு இந்தப் பேர் பரிச்சயமானது சாப்பாடா இல்லை, பொம்மையா! ஜோசப் பெடாட்னு சான் பிரான்சிஸ்கோ வியாபாரி ஒருத்தர். 1982-ல அவர் விட்ட ஆட்டுக்கடா மண் பொம்மை அங்கே வீடு வீடாப் போச்சு. பேரு 'சியா பெட்'. ஊறவெச்ச விதையைப் பொம்மை மேல அப்பித் தண்ணி ஊத்தினா பச்சை ரோமம் முளைக்கும். செங்குத்தான மண் பொம்மை மேல விதை வழியாம ஒட்டிக்கிட்டு நின்னதுக்குக் காரணம் நம்ம புட்டிங்கை உறைய வைக்கற அதே பசை.

உணவா அது திரும்பி வந்ததுக்கு 1990-கள்ல அர்ஜென்டினாவுல நடந்த சாகுபடி முயற்சிகள் பெரிய காரணம். ஐரோப்பிய யூனியன் 2009-ல இதை 'புதுவகை உணவு'ன்னு வகைப்படுத்தி முதல்ல ரொட்டியில 5 சதவீதம் வரைக்கும் சேர்க்க அனுமதிச்சது. 2013-ல அனுமதியை விரிவாக்கினப்போ, பாக்கெட் விதைக்கு ஒரு நாளைக்கு 15 கிராமுக்கு மேல வேண்டாம்னு எழுதச் சொன்னது. நம்ம நாட்டுக்கு வந்தா, மைசூருவுல இருக்கற சி.எப்.டி.ஆர்.ஐ. உணவு ஆராய்ச்சி நிறுவனம் கர்நாடக விவசாயிகள்கிட்ட இதைக் கொண்டுபோச்சு. இப்போ மத்தியப் பிரதேசத்துலயும் விளையுது. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து இந்தியாவுல விளைஞ்சதையே வாங்கலாம். வெளிநாட்டுச் சரக்குதான் உசத்திங்கறதுக்கு இதுல ஒண்ணும் இல்லை.

அடிப்படை செய்முறை

ஒரு ஆளுக்கு அளவு இது:

சியா விதை – 2 மேசைக்கரண்டி (தலை தட்டி அளந்தா 20 முதல் 25 கிராம் வரும்)
காய்ச்சி ஆறின பால் – 150 மி.லி.
உப்பு – ஒரு சிட்டிகைக்கும் கம்மி
ஏலக்காய்ப் பொடி – கொஞ்சம்
இனிப்பு – கடைசியா பார்த்துக்கலாம்

பாலை முதல்ல கிண்ணத்துல ஊத்துங்க. ஒரு கையால விதையைத் தூவிக்கிட்டே இன்னொரு கையால முள்கரண்டியை வெச்சுக் கலக்குங்க. விதையை முதல்ல கொட்டிட்டு மேல பாலை ஊத்தினா அடியில இருக்கறதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி உருண்டையா நின்னுடும். உருண்டைக்கு வெளியில பசை, உள்ள காய்ஞ்ச விதை. சாப்பிடறப்போ பல்லுல நறுக்குன்னு மாட்டறது அதுதான்.

கலக்கி முடிச்ச உடனே பிரிட்ஜுல வெச்சுடாதீங்க. இந்த எடத்துலதான் பாதிப் பேருக்குப் புட்டிங் சொதப்புது. 5 நிமிஷம் கழிச்சுப் பாருங்க, விதையெல்லாம் அடியில போய் உக்காந்திருக்கும், மேல வெறும் பால் நிக்கும். இன்னொரு தரம் அடி வரைக்கும் கிளறி விடுங்க. 15 நிமிஷம் ஆனதும் மறுபடியும் ஒரு கிளறல். இப்போ முள்கரண்டியைத் தூக்கினா விதைகள் பாலுக்கு நடுவுல அங்கங்கே தொங்கும், கீழே இறங்காது. பசை பிடிச்சாச்சுன்னு அர்த்தம். இப்போ மூடி போட்டு பிரிட்ஜுல வைங்க. ராத்திரி வெச்சா காலையில தயார். அவசரம்னா ரெண்டு மணி நேரத்துல ஸ்பூன்ல எடுத்துச் சாப்பிடற பதம் வந்துடும், ஆனா ராத்திரி முழுக்க ஊறினதோட மென்மை வராது.

காலையில ரொம்பக் கெட்டியா இருந்தா ரெண்டு ஸ்பூன் பால் விட்டுத் தளர்த்திக்கலாம். தண்ணியா இருந்தா இன்னும் ஒரு ஸ்பூன் விதை போட்டு அரை மணி நேரம் விட்டா சரியாயிடும். இதைக் கெடுக்கறதுதான் கஷ்டம்.

முதல் தடவை இதைச் சாப்பாட்டு மேஜையில வெச்சப்போ அத்தை கிண்ணத்தைச் சாய்ச்சுப் பார்த்துட்டுக் கேட்டாங்க: "இதென்ன கண்ணு, தவளை முட்டையாட்டம் இருக்குது?" அதை மறுக்க முடியலை. பார்க்கறதுக்கு அப்படியேதான் இருக்கு. வழவழப்பு பிடிக்காதவங்க வீட்டுல இருந்தா ஒரு வழி உண்டு. ஊறினதுக்கு அப்புறம் மிக்ஸியில ஒரு சுத்து சுத்திடுங்க. விதை உடைஞ்சு வழுவழுன்னு கஸ்டர்டு பதத்துக்கு வந்துடும். இப்படி உடைக்கறதுல சத்து விஷயத்துலயும் ஒரு லாபம் இருக்கு, கீழே சொல்றேன்.

எங்க வீட்டுல ஓடற வகைகள்

*தேங்காய்ப்பால், கருப்பட்டி:* அரை மூடித் தேங்காயைத் துருவி அரைச்சு முதல் பால் தனியா, ரெண்டாம் பால் தனியா பிழிஞ்சுக்கணும். விதையை ஊறவைக்க ரெண்டாம் பால்தான். அது தண்ணியா இருக்கறதால விதை நல்லாப் பொங்கும். கருப்பட்டியைக் கொஞ்சம் தண்ணி விட்டு இளக்கி, கட்டாயம் வடிகட்டி (மண் இருக்கும்), முழுசா ஆறினதுக்கு அப்புறம் சேர்க்கணும். சாப்பிடறதுக்கு முன்னால முதல் பால் ரெண்டு மூணு ஸ்பூன், ஒரு சிட்டிகை சுக்குப்பொடி. முதல் பாலை மட்டும் வெச்சே பண்ணிடலாமேன்னு தோணும். பிரிட்ஜுல அதோட கொழுப்பு இறுகி வாயில படியும், அது ஒரு காரணம். இன்னொரு காரணம் கலோரி, அந்தக் கணக்குக்கும் வர்றேன். வீட்டுல பிழிஞ்ச தேங்காய்ப்பால் சீக்கிரம் புளிச்சுடும், மறுநாளைக்குள்ள தீர்த்துடணும்.

*மாம்பழம்:* நல்லாப் பழுத்த பங்கனப்பள்ளியோ இமாம்பசந்தோ கிடைச்சா இனிப்பே வேண்டாம். பாதியை அடிச்சு கூழாக்கிப் பாட்டில் அடியில விட்டு, நடுவுல புட்டிங், மேல மீதியைத் துண்டு போட்டா போட்டோவுக்கும் ஆச்சு, வாய்க்கும் ஆச்சு.

*அன்னாசி, பப்பாளி:* பச்சையாப் போட்டு ராத்திரி முழுக்கப் பாலோட வெச்சா கசக்கும். அந்தப் பழங்கள்ல இருக்கற நொதி பாலோட புரதத்தை உடைக்கறதுதான் காரணம். அன்னாசியை வாணலியில கொதிக்கற வரைக்கும் வதக்கி ஆறவெச்சா நொதி செயலிழந்துடும், அப்புறம் தாராளமாப் போடலாம். பப்பாளியைச் சாப்பிடற நேரத்துல மேல தூவிக்கிட்டா போதும்.

*தயிர் வகை:* இதை யாரும் இன்ஸ்டாகிராம்ல போட மாட்டேங்கறாங்க, ஆனா எனக்குப் பிடிச்சது இதுதான். ஒரு மேசைக்கரண்டி சியாவை அரை டம்ளருக்கும் கொஞ்சம் கம்மியான தண்ணியில 20 நிமிஷம் ஊறவைங்க. ஒரு கப் கெட்டித் தயிர், துருவின வெள்ளரிக்காய், உப்பு சேர்த்துக் கலந்து, கடுகு, கறிவேப்பிலை, பச்சை மிளகாய் தாளிச்சுக் கொட்டுங்க. மாதுளை முத்து இருந்தா கொஞ்சம். இதைச் சாப்பிட்டுப் பார்த்துட்டுத்தான் அத்தை சமாதானமானாங்க. "இது சரி கண்ணு. காலங்காத்தால யாரு இனிப்புத் தின்னுவா?" அவங்க வாய்க்கு வந்ததைச் சொன்னாங்க. டாக்டர்கிட்ட போனா அவரும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்வார்.

பார்வர்டும் நிஜக் கணக்கும்

"பாலை விட 5 மடங்கு கால்சியம்"னு ஒரு பார்வர்டு சுத்துது. 100 கிராம் சியாவுல சுமார் 630 மில்லிகிராம் கால்சியம், 100 மி.லி. பால்ல சுமார் 120. வகுத்துப் பார்த்தா சரிதான். ஆனா 100 கிராம் சியா யார் சாப்பிடுவாங்க? புட்டிங்குல போடற 25 கிராமுக்கு வர்றது 160 மில்லிகிராம் மாதிரி. ஒரு டம்ளர் பால் குடிச்சா அதை விட அதிகம். அதோட, விதைகள்ல இருக்கற பைட்டேட்ங்கற பொருள் கால்சியம், இரும்பு ரெண்டையும் உடம்புல முழுசாச் சேர விடாது. எள்ளுல 100 கிராமுக்குக் கால்சியம் சியாவை விடவும் அதிகம். ராகியில சியாவை விடக் கம்மிதான், ஆனா களியாவோ கூழாவோ ராகியை நாம கைநிறைய எடுத்துக்கறோம், விதையை ஸ்பூன்ல எடுத்துக்கறோம். சத்துப் பட்டியலைப் பார்க்கறப்போ அளவையும் சேர்த்துப் பார்க்கணும்.

புரதம்? 25 கிராமுக்கு 4 கிராம். ஒரு முட்டையில 6. பாலோட சேர்த்தா பரவாயில்லை, ஆனா இதைப் புரத உணவுன்னு சொல்றது கூடுதல்.

இப்போ நார்ச்சத்துக்கு வருவோம். 25 கிராம் சியாவுல 8 கிராமுக்கு மேல நார்ச்சத்து. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்குக் குறைஞ்சது 25 கிராம் வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதுல மூணுல ஒரு பங்கு ஒரே கிண்ணத்துல வந்துடுது! வெள்ளை இட்லி, தோசை, பொங்கல்னு ஓடற காலை டிபன்ல இவ்வளவு கிடைக்கறது அபூர்வம். இந்த நாரோட பசை வயித்துலயும் அப்படியே கெட்டியா நிக்கறதால பசி கொஞ்சம் தள்ளிப்போகும், மாவுச்சத்து சர்க்கரையா மாறி ரத்தத்துல கலக்கற வேகம் குறையும், மலச்சிக்கலுக்கும் நல்லது. சியாவை வாங்கறதுக்கு இந்த ஒரு காரணம் போதும்.

மீனுக்குப் பதிலாகுமா?

ஒமேகா 3 பத்திப் பேசாம சியா பதிவு முடியாது. 25 கிராமுல 4 கிராமுக்கு மேல ஒமேகா 3 இருக்கு, அது நிஜம். ஆனா இது ஏ.எல்.ஏ. வகை. இதயத்துக்கும் மூளைக்கும் நல்லதுன்னு மீனைப் பத்திச் சொல்றது இ.பி.ஏ., டி.எச்.ஏ. வகைகளை. உடம்பு ஏ.எல்.ஏ.வை அந்த வகைகளா மாத்திக்கறது ரொம்பக் கொஞ்சம். டி.எச்.ஏ.வா மாறறது இல்லைன்னே சொல்லலாம். அதனால மத்தி மீன் சாப்பிடறவங்க அதை நிறுத்திட்டு இதுக்கு வர வேண்டாம். சைவம் சாப்பிடறவங்களுக்கு சியாவும் ஆளி விதையும் அக்ரூட்டும் நல்ல வழிதான்.

விதையை முழுசா முழுங்கறதா, உடைச்சுச் சாப்பிடறதாங்கறதுக்கும் பதில் இருக்கு. 2012-ல அமெரிக்காவுல மாதவிடாய் நின்ன பெண்களுக்கு 10 வாரம் சியா குடுத்துப் பார்த்தாங்க. பொடிச்ச சியா சாப்பிட்டவங்க ரத்தத்துல ஏ.எல்.ஏ.வும் இ.பி.ஏ.வும் ஏறியிருந்தது. முழு விதை சாப்பிட்டவங்களுக்கு அப்படி ஏறலை. மிக்ஸியில ஒரு சுத்து விடச் சொன்னது இதுக்குத்தான்.

அதுக்காக மொத்தமாப் பொடிச்சு டப்பாவுல அடைச்சு வெச்சுடாதீங்க. ஒலினாலா மரப்பெட்டி ஞாபகம் இருக்கா? காத்து பட்டா மாறற அதே எண்ணெய்தான் இதுக்குள்ள இருக்கு. தோலோட இருக்கற வரைக்கும் பத்திரம், நல்லா மூடின டப்பாவுல ஈரமில்லாம வெச்சா மாசக்கணக்குல கெடாது. பொடிச்சா சீக்கிரம் சிக்கு வாடை வந்துடும். அன்னன்னைக்கு உடைச்சுக்கறதுதான் நல்லது.

தொப்பை கரையுமா?

வந்தோம் விஷயத்துக்கு. 2009-ல ஒரு ஆய்வு வந்தது. உடல் பருமன் உள்ளவங்களுக்கு 12 வாரம், தினமும் 50 கிராம் சியா. 50 கிராம்னா நம்ம புட்டிங் மாதிரி ரெண்டு மடங்கு. சாப்பாட்டுல வேற எதையும் மாத்தச் சொல்லலை. முடிவுல எடை குறையவே இல்லை. பிரஷர், கொழுப்பு எதுலயும் சொல்லிக்கற மாதிரி மாற்றம் இல்லை.

2017-ல கனடாவுல இன்னொரு ஆய்வு. சர்க்கரையும் உடல் பருமனும் உள்ள 77 பேர், 6 மாசம். இங்கே எல்லாருக்குமே கலோரி குறைச்ச சாப்பாடு. அதுல ஒரு பகுதியினருக்கு சியா, இன்னொரு பகுதியினருக்கு ஓட்ஸ் தவிடு. சியா சாப்பிட்டவங்க சராசரியா 1.9 கிலோ குறைஞ்சாங்க, மத்தவங்க 0.3 கிலோ. 6 மாசத்துக்கு ரெண்டு கிலோகூட இல்லை, ஆனா வித்தியாசம் தெரிஞ்சது.

ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. மொத்தச் சாப்பாட்டைக் குறைச்ச எடத்துல சியா பசியைத் தாங்கிக் கை குடுத்திருக்கு. வழக்கமான சாப்பாட்டோட சேர்த்துப் போட்ட எடத்துல ஒண்ணும் நடக்கலை. 25 கிராம் சியாவுக்கே 120 கலோரி உண்டு. 150 மி.லி. பால் சேர்த்தா 200-ஐத் தாண்டும். இதுவரைக்கும் நியாயமான டிபன். பாலுக்குப் பதில் டின்ல வர்ற கெட்டித் தேங்காய்ப்பால் ஊத்தினா, அதுக்கே 100 மி.லி.க்கு 200 கலோரி ஆகும். மேல ரெண்டு ஸ்பூன் தேன், ஒரு கைப்பிடி முந்திரி, பேரீச்சம்பழம், சாக்லேட் துருவல்னு போட்டா கிண்ணம் 600-ல போய் நிக்கும். கருப்பட்டியும் நாட்டுச்சர்க்கரையும் தேனும் ருசிக்கு அருமை, ஆனா சர்க்கரைக்காரங்க ரத்தத்துல அதுவும் சர்க்கரைதான்.

பிரஷருக்கு வருவோம். 2007-ல சர்க்கரை உள்ள 20 பேரை வெச்சு டொராண்டோவுல 12 வாரம் நடந்த ஆய்வுல மேல் அளவு சராசரியா 6 புள்ளி இறங்கியிருக்கு. நம்பிக்கை தர்ற விஷயம், ஆனா 20 பேர்ங்கறது சின்னக் கூட்டம். இதை நம்பி மாத்திரையைக் குறைக்கற வேலையெல்லாம் வேண்டாம்.

கவனமா இருக்க வேண்டியவங்க

உலர்ந்த சியாவை வாயில போட்டு மேல தண்ணி குடிக்கற பழக்கம் யாருக்காவது இருந்தா இன்னையோட விட்டுடுங்க. 2014-ல அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவர்கள் மாநாட்டுல ஒரு நோயாளியைப் பத்திச் சொன்னாங்க. 39 வயசுக்காரர், ஒரு ஸ்பூன் உலர்ந்த விதையை முழுங்கிட்டு ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிருக்கார். விதை உணவுக்குழாய்லயே ஊதிப் பசையாகி அடைச்சுக்கிச்சு. எண்டோஸ்கோப்பி போட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அவருக்கு ஏற்கெனவே அப்பப்போ முழுங்கறதுல சிரமம் இருந்திருக்கு. வீட்டுல முழுங்கச் சிரமப்படற வயசானவங்க, சின்னக் குழந்தைங்க இருந்தா நல்லா ஊறினதை மட்டும், கொஞ்சமாக் குடுங்க.

இதுவரைக்கும் நார்ச்சத்து அதிகம் எடுக்காத வயிறு முதல் நாளே ரெண்டு மேசைக்கரண்டியைத் தாங்காது. வயிறு உப்பும், காத்து பிரியும். ஒரு டீஸ்பூன்ல ஆரம்பிச்சு ஒரு வாரம் பத்து நாள்ல ஏத்துங்க. அன்னைக்குத் தண்ணியும் நல்லாக் குடிக்கணும். தண்ணி பத்தலைன்னா மலச்சிக்கலுக்கு நல்லதுன்னு சாப்பிட்டது மலச்சிக்கலையே கூட்டிடும்.

சிறுநீரகப் பிரச்னை இருக்கறவங்க, தண்ணி அளவு கட்டுப்பாடு உள்ளவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறவங்க, டாக்டரைக் கேட்டுட்டு ஆரம்பிங்க. காலையில தைராய்டு மாத்திரை போடறவங்க உடனே இதைச் சாப்பிடாம இடைவெளி விடுங்க. நார்ச்சத்து மாத்திரை உடம்புல சேரறதைத் தடுக்கலாம்.

கடைசியா

சியாதான் வேணும்னு கட்டாயம் இல்லை. ஆளி விதையில ஒமேகா 3 சியாவை விடவும் அதிகம், விலை கம்மி. வறுத்துப் பொடிச்சு இட்லிப்பொடியில சேர்த்தா யாருக்கும் தெரியாது. 100 கிராம் கொய்யாவுல 5 கிராம் நார்ச்சத்து இருக்கு. கொள்ளு, சுண்டல், கீரைன்னு நம்ம சமையல்கட்டுல ஏற்கெனவே இருக்கறதும் கணக்குல வரும். சியாவோட தனிச் சௌகரியம் ஒண்ணே ஒண்ணுதான்: ராத்திரி கலக்கி வெச்சா காலையில அடுப்பு பத்த வைக்காம, பாத்திரம் சேர்க்காம, ஆபீஸுக்கு ஓடற அவசரத்துலயும் நார்ச்சத்தோட ஒரு டிபன் கையில இருக்கும். வெயில் காலத்துல சில்லுன்னு வேற இருக்கும். இந்தச் சௌகரியம் உங்களுக்குத் தேவைன்னா வாங்குங்க.

வாங்கினா ஒரே ஒரு விஷயத்துல கண்டிப்பா இருங்க. எட்டரைக்குப் புட்டிங்கைச் சாப்பிட்டுட்டு ஒன்பதுக்கு நாலு தோசையும் சாப்பிட்டா, அது 2009 ஆய்வை உங்க வீட்டுல திருப்பி நடத்தற மாதிரி. அதோட முடிவு என்னன்னு ஏற்கெனவே சொல்லிட்டேன். தோசை வேணும்கற அன்னைக்குத் தோசையையே திருப்தியாச் சாப்பிடுங்க, புட்டிங் பிரிட்ஜுல நாளைக்கு வரைக்கும் கெடாது.